நேரடிப் பயிற்சியிலிருந்து காணொலிப் பயிற்சிக்கு மாறுவோர் அறிய வேண்டியவை

தொலைவு, பயணச் செலவு, அழைத்துச் செல்ல ஆள் இல்லாமை ஆகிய காரணங்களால் நோயாளிகள் பலர், பயிற்சியாளரிடம் நேரில் செய்துவந்த உடற்பயிற்சியைக் காணொலி அழைப்பு வழியே தொடர்கின்றனர். பயிற்சிகள் பெரும்பாலும் அவையேதான். ஆனால் நேரில் நீங்கள் தடுமாறினால் பயிற்சியாளர் தாங்கிப் பிடிப்பார். திரையில் அவரால் பார்க்க மட்டுமே இயலும். தாங்கிப் பிடிக்கும் அந்தப் பொறுப்பை வீட்டில் யார் ஏற்பது என்பதை மாறுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம் ஏற்பட்டவர்களும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், கடந்த ஓராண்டில் கீழே விழுந்தவர்களும் மருத்துவரின் ஒப்புதலின்றி மாறக் கூடாது. இயன்றால் கடைசி நேரடிப் பயிற்சிக்குப் பராமரிப்பாளரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எங்கே நிற்பது, எப்படித் தாங்குவது என்பவற்றை நேரில்தான் கற்க இயலும். பக்கவாத நோயாளியின் பலவீனமான பக்கத்தில், சற்றே பின்னால் நிற்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது தோள்மூட்டைப் பாதிக்கும். அன்பின் மிகுதியால் பலரும் செய்யும் தவறு இது.

கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்யக் கூடாது. அதை இடுப்பு உயரத்தில் அசையாமல் நிறுத்தி, தலை முதல் பாதம் வரை தெரியுமாறு விலகி நில்லுங்கள். சன்னல் உங்கள் முதுகுப்புறம் இருந்தால் உருவம் இருண்டு தெரியும். நாற்காலியில் அமர்ந்து எழும் பயிற்சியை ஒருமுறை பக்கவாட்டிலும் ஒருமுறை நேராகவும் காட்டுவது நல்லது. முதுகு வளைவது பக்கவாட்டில்தான் தெரியும். முழங்கால் உட்புறம் சாய்வது நேர்ப் பார்வையில்தான் தெரியும். சக்கரமுள்ள நாற்காலியையோ, எடை குறைந்த பிளாஸ்டிக் நாற்காலியையோ பயன்படுத்த வேண்டாம். உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். புடவை, வேட்டியின் நுனி காலில் சிக்காதவாறு உடுத்துங்கள்.

மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைத்து வைப்பவை. அவற்றை உட்கொள்வோர் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பிப் பயிற்சியின் கடுமையைக் கூட்டக் கூடாது. மிதமான பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், பாட முடியாது. பேச்சே தடைப்பட்டால் வேகத்தைக் குறையுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்வோர் தொடங்கும் முன் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது 70 மி.கி./டெ.லி.க்குக் கீழ் இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள்.

உங்கள் வீட்டு முகவரியும் பராமரிப்பாளரின் கைப்பேசி எண்ணும் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும். அழைப்பு துண்டிக்கப்பட்டால், செய்துகொண்டிருக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டு அமர்ந்துவிடுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், திடீர் வியர்வை, அடங்காத மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு, தமிழ்நாட்டில் 108ஐ அழையுங்கள். பயிற்சியாளரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

முன்பே பதிவு செய்த காணொலியைப் பார்த்துச் செய்வது இதற்கு மாற்றாகாது. அதில் உங்களைக் கவனிப்பவர் எவரும் இல்லை. புதிதாக வலி தோன்றினாலோ, ஒருமுறை விழுந்தாலோ, மருந்தின் அளவு மாற்றப்பட்டாலோ அடுத்த பயிற்சியை நேரில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே செல்ல இயலாதவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிற்கே வந்து அளிக்கப்படும் இயன்முறை சிகிச்சை குறித்து அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.