ஜப்பானியர் அடுக்களைக் கத்தி

ஜப்பானியர் கத்தியை வாங்கப் புகுவோர் அதன் கூர்மையைப் பெரிதும் வியப்பர். அக்கூர்மை எதனால் வந்ததென ஆராய்வார் சிலரே. 1876-ஆம் ஆண்டில் வாளணிந்து திரிதல் அந்நாட்டில் விலக்கப்படவே, வாட்கொல்லர் பலர் அடுக்களைக் கத்தி வடிக்கலாயினர். சேக்கி நகரத்தார் அதனாற் புகழெய்தினர்.

ஜெர்மானியர் கத்தி பெரும்பாலும் ராக்வெல் அளவையில் 56 முதல் 58 வரை வன்மையுடையதாக, இவற்றுட் பல 60-ஐயும் கடப்பன. வன்மை மிக்க எஃகையே மிக மெல்லிய விளிம்பாகத் தீட்டலாகும். அவ்விளிம்பு எளிதில் மழுங்காது. ஆயின் வன்மையே அதற்குக் குறையுமாம். வளையவேண்டிய விடத்து வளையாது; ஒடியும். இஃதறியாது, யான் ஒருமுறை ஆட்டெலும்பை வெட்டப் புக்கு, அலகிற் பல்போன்ற பிளவு விழக் கண்டு நாணினேன்.

ஆதலின், மேலான கத்தி யாதென வினவுவதினும், நாடோறும் நாம் அரிவது யாதென வினவுதலே தகும். மீனைப் பிளக்கத் தடித்த 'தேபா', காய்கறிக்கு 'நகிரி'. ஒன்றே போதுமெனின், காய், மீன், இறைச்சி மூன்றற்கும் உதவும் 'சந்தோக்கு'வைக் கொள்க. அலகு 16 முதல் 18 செ.மீ. வரை அமையும். கரி மிக்க எஃகு எளிதிற் கூரேறும்; ஈரம் பட்டால் விரைவில் துருவுமேறும். கழுவியவுடன் துடைக்கும் பொறுமை இல்லாதார் துருவேறா எஃகையே நாடுக. உடன் 1000 என எண்ணிட்ட சாணைக்கல் ஒன்றும் வாங்கி, நீர் தெளித்து, இருபுறமும் ஏறக்குறைய 15 பாகை சாய்த்துத் தீட்டுக.