ஆட்கொல்லிப் புலியும் ஜிம் கோர்பெற்றும்

வேட்டைக்காரர் ஒருவர் காட்டுயிர்களின் காவலராக மாறுதல் வியப்புக்குரியதே. ஆயின், ஜிம் கோர்பெற்றின் வாழ்க்கையை நோக்குவோருக்கு, அம்மாற்றத்துக்கு வித்திட்டது வேட்டையிலேயே அவர் கற்ற பாடம் என்பது புலப்படும்.

1875 ஆம் ஆண்டு இமயமலைச் சாரலிலுள்ள நைனித்தாலிற் பிறந்த கோர்பெற், சிறுபராயத்திலேயே துப்பாக்கியேந்திக் காடு புகுந்தவர். விலங்கின் அடிச்சுவட்டையும் பறவையின் அச்சக் குரலையும் ஏடு படிப்பதுபோல் அறிந்தார். நேபாளத்திலும் குமாவோன் மலைநாட்டிலும் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலியொன்றை வேட்டையாட 1907 இல் உடன்பட்டபோது, அவர் இரண்டு நிபந்தனைகளை விதித்தார். அப்புலிக்கென அறிவித்த வெகுமதியை நீக்கவேண்டும். ஏனைய வேட்டைக்காரரைத் திருப்பியழைக்கவேண்டும். பரிசுக்காகக் கொல்பவர் என்னும் பெயரை அவர் விரும்பவில்லை.

சம்பாவத்து என்னும் ஊரருகே அப்புலி வீழ்ந்தது. அதன் வாயின் வலப்புறத்தில் மேற்கோரைப்பல் பாதியும், கீழ்க்கோரைப்பல் அடியோடும் முறிந்திருந்தன. எவரோ முன்பு சுட்ட குண்டே அதற்குக் காரணம். இயல்பான இரையைக் கொல்லமாட்டாத நிலையிலேயே அது மனிதரை நாடிற்று. பின்னர் அவர் வீழ்த்திய புலிகள் பலவற்றிலும் குண்டுக் காயத்தையோ, முள்ளம்பன்றியின் முள் தைத்த புண்ணையோ கண்டார். புலி இயல்பாக மனிதனை உண்பதன்று. காயமோ முதுமையோ அதனை அந்நிலைக்குத் தள்ளுகிறது என்பது அவர் கண்ட முடிபு.

வன அதிகாரி சாம்பியன் எடுத்த புலிப்படங்களாற் கவரப்பட்டு, 1920களின் பிற்பகுதியிற் கமராவைக் கையேற்றார். ஆட்கொல்லிகளைச் சுடுவதை 1938 வரை விடாதபோதும், பொழுதுபோக்குக்காகக் கொல்வதை வெறுத்தார். 1936 இல் இந்தியாவின் முதலாவது தேசிய பூங்கா அமைய உதவினார். 1955 இல் அவர் கென்யாவிற் காலமானார். பின்னர் அப்பூங்கா அவர் பெயரைப் பெற்றது. 1973 இல் இந்தியப் புலிப் பாதுகாப்புத் திட்டம் அங்கேயே தொடக்கிவைக்கப்பட்டது.

இலங்கைக் காடுகளில் வேங்கைப்புலி இல்லை. எனினும் அப்பாடம் இந்நாட்டவர்க்கும் உரியது. சாவகச்சேரிக்குத் தென்கிழக்கேயுள்ள ஆனையிறவு, யானைகளைக் குடாநாட்டுக்கு நடத்திவந்த வழியென்பதை அதன் பெயரே கூறும். அதற்கப்பால், வன்னி வயல்களில் இன்றும் யானை இறங்குகிறது. பயிரை இழந்து, உயிருக்கும் அஞ்சும் உழவரின் துன்பம் மெய்யானது. ஆயின், அச்சத்தாற் சுடும் வேட்டு யானையைக் கொல்லாது புண்படுத்துமாயின், அது அயலூருக்கு முன்னிலும் கொடிய பகையாகத் திரும்பக்கூடும். விலங்கு ஊருக்குள் ஏன் வந்தது என்று முதலில் ஆராய்தலே மனிதருக்கும் விலங்குக்கும் நலந்தருவதாகும்.