முத்திரையும் முழுத்தொகுப்பும்

சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த கல்லலில், பழைய வீடொன்றின் பரணில் ஒலிப்பேழைகள் நிறைந்த பெட்டி ஒன்று கிடைத்ததாகக் கொள்வோம். உறைகளில் பெயர் ஏதுமில்லை. பாடுபவர் குரல் ஒன்றே, பாடல்கள் 72. இவை எந்த இசைப்புலவரின் படைப்புகள்? இவ்வினாவிற்கு விடை காணும் வழியைப் பாடல்களே காட்டுகின்றன.

முதற்சான்று எண்ணிக்கையாகும். கருநாடக இசையில் தாய் இராகங்கள் 72. அவற்றை மேளகர்த்தா இராகங்கள் என்பர். 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி இந்த 72 மேளப் பகுப்பை வகுத்தார். பெட்டியிலுள்ள ஒவ்வொரு பாடலும் ஒவ்வொரு தாய் இராகத்தில் அமைந்திருப்பின், இது ஒரு திட்டத்துடன் இயற்றப்பட்ட தொகுப்பு என்பது புலனாகும்.

இரண்டாம் சான்று மொழி. முத்துசுவாமி தீட்சிதரும் பாடலின் சொற்களுக்குள் இராகத்தின் பெயரைப் பொதிந்து வைத்தவர். ஆனால், அவர் பெரும்பாலும் வடமொழியில் பாடினார். தம் பாடல்களில் 'குருகுஹ' என்னும் முத்திரையைப் பதித்தார். நம் பெட்டியிலுள்ள பாடல்களோ தமிழ்ப் பாடல்கள், முருகனைப் போற்றுபவை.

மூன்றாம் சான்று முத்திரை. இயற்றியவர் தம் பெயரையோ தமக்குரிய அடையாளச் சொல்லையோ பாடலில் பொதிந்து வைப்பதே முத்திரையாகும். இப்பாடல்களில் 'கவிகுஞ்சரதாசன்' என்னும் முத்திரை கேட்கிறது. விடை தெளிவாகிவிட்டது. இவை கோடீசுவர ஐயரின் 'கந்தகானாமுதம்' என்னும் தொகுப்பைச் சேர்ந்தவை.

முத்திரையை அரைகுறையாகக் கேட்டால் பிழை நேரும். கவிகுஞ்சரம் என்பது கோடீசுவர ஐயருடைய பாட்டனார் பெருங்கரை கவிகுஞ்சர பாரதியின் சிறப்புப் பெயர். அழகர் குறவஞ்சியை இயற்றிய அவர், சிவகங்கை அரசவையில் சிறப்புப் பெற்றவர். பாட்டனார் மீது கொண்ட பற்றினால் பேரன் தம்மை அவருடைய தாசன் எனக் குறித்துக்கொண்டார். 'தாசன்' என்னும் சொல்லைத் தவறவிட்டால் பேரனின் உழைப்பு பாட்டனாருக்குப் போய்ச் சேரும்.

இத்தகைய குழப்பம் பிற நாடுகளிலும் நேர்ந்ததுண்டு. செருமானிய இசைமேதை பாக் தம் மனைவிக்காக அமைத்த இசைக்குறிப்பேட்டில் இயற்றியவர் பெயரின்றி இருந்த ஓர் இசைத்துண்டு, நெடுங்காலம் அவருடையதாகவே கருதப்பட்டது. அது கிறித்தியான் பெட்சோல்டு என்பவருடையது என்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உறுதியாயிற்று.

இனி, தொகுப்பு முழுமையானதா என்னும் வினா எழும். தியாகராசர் இயற்றியவற்றுள் இன்று கிடைப்பவை ஏறத்தாழ 700. மறைந்தவை எத்தனை என எவராலும் எண்ணிச் சொல்ல இயலாது. கோடீசுவர ஐயர் வேறு பாடல்களும் இயற்றியுள்ளார் எனினும், இம்மேளத் தொகுப்பிற்கு எல்லை உண்டு. ஒரு பாடல் விடுபட்டாலும் அதற்குரிய இராகத்தின் இடம் வெற்றிடமாக நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த 72 பாடல்களையும் பாடிப் பதிவு செய்தவர் இசைக்கலைஞரும் ஓவியருமான எஸ். இராஜம் (1919 – 2010). தாய் இராகங்களுள் 40 விவாதி மேளங்கள் எனப்படும். மிக நெருங்கிய சுரங்கள் அவற்றில் அடுத்தடுத்து வருவதால், பாடுவது கடினம். பாடினால் தீங்கு நேரும் என்னும் அச்சமும் நிலவியது. எனவே, பலர் அவற்றைத் தவிர்த்தனர். புகழ்பெற்ற இராகங்களை மட்டும் இராஜம் தேர்ந்து பாடியிருந்தால், எஞ்சிய பாடல்கள் பெரும்பாலும் அச்சிட்ட தாளிலேயே நின்றிருக்கும். விரும்பியதை மட்டும் பாதுகாப்பது தொகுப்பு ஆகாது. அருமையானதையும் அரிதானதையும் ஒருங்கே காப்பதே தொகுப்பு.

அடுத்த முறை ஒரு கீர்த்தனையைக் கேட்கும்போது அதன் இறுதிப் பகுதியாகிய சரணத்தைக் கூர்ந்து கேளுங்கள். இயற்றியவர் அங்கே தம் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.