"ஆணா, பெண்ணா?": விடை சொல்லும் முன் தெளிய வேண்டிய சொற்கள்

மகப்பேறு வார்டின் வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் செவிலியரிடம் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "ஆணா, பெண்ணா?" பெரும்பாலும் விடை உடனே கிடைத்துவிடுகிறது. அரிதாகச் சில குழந்தைகளுக்கு, வெளி உறுப்புகளைப் பார்த்த அளவில் உறுதியாகச் சொல்ல இயலுவதில்லை. "சில பரிசோதனைகளுக்குப் பின் சொல்கிறோம்" என்று மருத்துவர் கூறும்போது குடும்பத்தார் கலங்கிப் போகின்றனர். அந்தக் கலக்கத்தின் ஒரு பகுதி, சொற்களின் குழப்பத்தால் விளைவது. அதைப் போக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நெல், அரிசி, சோறு ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறித்துவிடலாம். காவிரிப் படுகையில் வாழும் நமக்கு அது போதாது. விதைப்பது நெல், உலையில் இடுவது அரிசி, இலையில் பரிமாறுவது சோறு. மாற்றிச் சொன்னால் வேலை கெடும். ஆயினும் 'பால்' என்ற சொல்லை ஆளும்போது நாம் இந்தக் கவனத்தைக் காட்டுவதில்லை. வெவ்வேறான மூன்று செய்திகளை அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம்.

முதலாவது, உடலின் பால்கூறுகள்: குரோமோசோம், கருப்பை, சினைப்பை, விரைகள், ஹார்மோன், வெளி உறுப்புகள் ஆகியவை. இரண்டாவது, பாலின அடையாளம்: ஒருவர் தம்மை ஆணாக, பெண்ணாக அல்லது வேறாக உணர்வது. மூன்றாவது, பாலீர்ப்பு: அவர் மனம் யாரை நாடுகிறது என்பது. ஒன்றை அறிந்ததனால் மற்றொன்றை அறிந்தவர் ஆகமாட்டோம்.

உடலின் பால்கூறுகள் பெரும்பாலோரிடம் ஒரே திசையில் அமைகின்றன. சிலரிடம் பிறவியிலேயே அவ்வாறு அமைவதில்லை. இதனை ஊடுபால் என்றும் இடைப்பால் என்றும் வழங்குகிறோம். திருநங்கை, திருநம்பி என்னும் சொற்கள் பாலின அடையாளத்தைப் பற்றியவை. ஆண் என்று பதியப்பட்டுப் பிறந்து, தம்மைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று பதியப்பட்டுப் பிறந்து, தம்மை ஆணாக உணர்பவர் திருநம்பி. ஊடுபால் நிலையோடு பிறந்த குழந்தையைத் 'திருநங்கை' என்று அழைப்பது பிழையாகும். அக்குழந்தை தன்னை எவ்வாறு உணரும் என்பதை வளர்ந்தபின் அதுவே சொல்ல வேண்டும்.

இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்றொரு நிலை உண்டு. மருத்துவர்கள் சுருக்கமாக 'சி.ஏ.எச்.' என்பார்கள். இந்நிலையில், கருப்பையும் சினைப்பையும் உடைய குழந்தையின் வெளி உறுப்புகள் ஆண் குழந்தையுடையவை போலத் தோன்றக்கூடும். இவ்வகைக் குழந்தைகள் சிலரின் உடலில் உப்புச்சத்து தங்குவதில்லை. பிறந்த சில நாட்களிலிருந்து மூன்று வாரங்களுக்குள் வாந்தி, பால் குடிக்க மறுத்தல், எடை குறைதல், சோர்வு ஆகியவை தோன்றினால் அது அவசர நிலை; உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். உரிய ஹார்மோன் மருந்தும் உப்பு நீரும் உயிரைக் காக்கும். வெட்கத்தால் குழந்தையை வீட்டில் மறைத்து வைப்பதே பெரிய ஆபத்து. ஆண் குழந்தைகளுக்கும் இந்நோய் வரலாம். அவர்களிடம் வெளித்தோற்றத்தில் மாறுதல் தெரியாது என்பதையும் நினைவிற் கொள்க.

வேறு சிலரிடம் செய்தி பருவ வயதில்தான் வெளிப்படுகிறது. ஆண்ட்ரோஜன் உணர்வின்மை என்ற நிலையில், ஆணுக்குரிய குரோமோசோம் இருந்தும் உடல் அந்த ஹார்மோனை ஏற்காததால் குழந்தை பெண்ணாகவே வளர்கிறது. பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணை மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். காரணங்கள் பல இருக்கலாம். எதுவும் அவளுடைய குற்றமன்று.

நம் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையின் கத்தக்குறிச்சியில் பிறந்த ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன், 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பின்னர் பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. 'சோதனையில் தோல்வி' என்ற தொடர் செய்திகளில் பரவியது. தேர்வில் தோற்கலாம், ஓட்டத்தில் தோற்கலாம், தன் உடலின் அமைப்பில் ஒருவர் எவ்வாறு தோற்க முடியும்? மகளிர் போட்டியில் யார் பங்கேற்கலாம் என்பது விளையாட்டு விதி பற்றிய கேள்வி. அதில் நியாயமான கருத்து வேறுபாடுகள் உண்டு. ஒருவர் பெண்ணா என்பது வேறு கேள்வி. இரண்டும் கலந்தபோது, பெண்ணாகவே வளர்ந்த ஒருவர் ஏமாற்றுக்காரர்போல ஊரார் முன் நிற்க நேர்ந்தது.

சட்டமும் இங்குச் சொற்களைத் தெளிவாக்கியுள்ளது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், ஊடுபால் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பால் மாற்று அறுவையைப் பற்றியும் கூறியது: பெற்றோரின் ஒப்புதலைக் குழந்தையின் ஒப்புதலாகக் கொள்ள இயலாது. அதனைப் பின்பற்றி அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு அத்தகைய அறுவைகளைத் தடை செய்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு.

இத்தடையைச் 'சிகிச்சையே கூடாது' என்று சிலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். மேலே சொன்ன உயிர்காக்கும் மருந்துகளுக்கு எந்தத் தடையும் இல்லை. தோற்றத்தை ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்குவதற்காக மட்டும் குழந்தைக்குச் செய்யும் அறுவையே தடுக்கப்பட்டுள்ளது.

ஆகவே மருத்துவரிடம் இவ்வாறு கேளுங்கள்: "குழந்தையின் உயிருக்கு இப்போது ஆபத்து உண்டா? எந்தப் பரிசோதனை, எதை அறிவதற்காக? எதை உடனே செய்ய வேண்டும்? எது குழந்தை வளரும்வரை காத்திருக்கலாம்?" உறவினருக்கு, "குழந்தைக்குச் சில பரிசோதனைகள் நடக்கின்றன" என்று சொன்னால் போதும்.

திருநங்கையரும் திருநம்பியரும் எங்களிடம் வரும்போது, எப்பெயரால் அழைக்க வேண்டும் என்பதைத் தயங்காமல் கூறுங்கள். எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் மருந்துகளையும் செய்துகொண்ட அறுவைகளையும் மறைக்காதீர்கள். கருப்பை உள்ள திருநம்பிக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை தேவைப்படலாம். திருநங்கைக்குப் புராஸ்டேட் சுரப்பி இருக்கும். உடலைப் பற்றி நாங்கள் கேட்பது சிகிச்சைக்காகவே. உங்கள் அடையாளத்தை ஐயுற்று அன்று. தேவையற்ற கேள்வி என்று தோன்றினால், "இது எதற்காக?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு விடை சொல்வது எங்கள் கடமை.