கிடார் கம்பெனிக்கு வேட்டு வைத்த பச்சை வண்டு!

அரை அங்குல நீளம்தான் இருக்கும். பளபளவென்று பச்சை நிறம். பார்த்தால் 'அட, அழகாக இருக்கிறதே!' என்று கையில் எடுக்கத் தோன்றும்.

இந்த வண்டு அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்று தீர்த்துவிட்டது. காட்டோடு போயிருந்தால் பாட்டுக்காரர்கள் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். எலக்ட்ரிக் கிடாருக்கும் அல்லவா வேட்டு வைத்துவிட்டது!

70 ஆண்டுகளாக ஆஷ் மரத்தில் கிடார் செய்து விற்ற பெண்டர் கம்பெனி, வழக்கமான ரகங்களில் இனி ஆஷ் கிடையாது என்று 2020ம் ஆண்டு கையை விரித்துவிட்டது. பழைய பாணியில் செய்யும் சில ரகங்களுக்கு மட்டும், மரம் கிடைத்தால் உண்டு.

எலக்ட்ரிக் கிடார் கரண்டில் பாடுகிற வாத்தியம்தானே, அதற்கு எந்த மரமாக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

சத்தம் எங்கிருந்து?

சாதாரண கிடாருக்கு வயிறு கூடாக இருக்கும். தந்தியின் அதிர்வை மெல்லிய மேல்பலகை வாங்கிப் பெரிதாக்கும். அங்கே மரம்தான் குரல்.

எலக்ட்ரிக் கிடாருக்கு வயிறே கிடையாது. ஒன்றே முக்கால் அங்குலக் கனத்தில் கெட்டிப் பலகை. தந்திக்கு அடியில் காந்தம்; காந்தத்தைச் சுற்றித் தலைமுடி போன்ற தாமிரக் கம்பிச் சுருள். எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அது ஒயர் வழியாக ஆம்ப்ளிபயருக்குப் போகும். அடியில் இருப்பது ஆஷ் மரமா, அடுப்புக் கட்டையா என்று காந்தத்துக்குத் தெரியாது!

1930களின் தொடக்கத்தில் வந்த முதல் எலக்ட்ரிக் கிடார்களில் ஒன்று, மடியில் வைத்து வாசிக்கும் ரகம், அலுமினியத்தில் வார்த்தது. பார்க்க வாணலி போல இருந்ததால் அதற்குப் 'பொரிக்கும் சட்டி' என்றே பட்டப்பெயர். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, லெஸ் பால் என்ற கிடார் மன்னர் நாலங்குலச் சதுரப் பைன் கட்டையில் தந்தி கட்டி வாசித்தார். வெறும் கட்டையைப் பார்த்து ஜனங்கள் முகம் சுளித்தார்களாம். பழைய கிடாரை இரண்டாக அறுத்து, இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு மேடை ஏறினார். சத்தம் அதே சத்தம்தான். ஆனால் இப்போது கண்ணுக்குக் கிடார் ஆகிவிட்டதே!

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கிடார் வித்வான் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். உடலும் இல்லை, கழுத்தும் இல்லை. பட்டறை மேஜைக்கும் எதிரே இருந்த அலமாரிக்கும் நடுவில் தந்தியை இழுத்துக் கட்டி வாசித்துப் படம் பிடித்துக் காட்டினார். கிட்டத்தட்ட அதே கிடார் சத்தம்! 'மரத்துக்கு மரம் சத்தம் மாறும்' என்று சொல்லும் கட்சியும், 'அதெல்லாம் பிரமை' என்று சொல்லும் கட்சியும் இன்றும் மல்லுக்கு நிற்கின்றன. தந்தியின் அதிர்வு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில் மரத்துக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனால், கம்பெனிக்காரர்கள் மரம் பொறுக்கிய கதையைப் பார்த்தால், காதை விடக் கையும் கணக்குப் புத்தகமும்தான் அதிகம் வேலை செய்திருக்கின்றன.

ரேடியோ ரிப்பேர்க்காரர்

லியோ பெண்டர் கலிபோர்னியா மாநிலம் புல்லர்டன் ஊரில் 1938ம் ஆண்டு முதல் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர். வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது! ஆனால் எதைச் செய்தால் சீக்கிரம் செய்யலாம், எளிதில் ரிப்பேர் பார்க்கலாம் என்ற கணக்கில் பலே ஆசாமி.

1949ம் ஆண்டு முதல் சோதனைக் கிடாரைப் பைன் மரத்தில் செய்தார். 1950ம் ஆண்டு கடைக்கு வந்தது ஆஷ் மரக் கிடார். பின்னாளில் 'டெலிகாஸ்டர்' என்று உலகப் புகழ் பெற்றது அதுதான். ஆஷில் வரி வரியாக ரேகை ஓடும். மேலே இளமஞ்சள் பெயிண்டை லேசாக அடித்தால் ரேகை உள்ளிருந்து தெரியும். கண்ணாடி ஷோகேசில் வைத்தால் நின்று பார்க்காமல் போகமாட்டார்கள்.

தொல்லையும் அந்த ரேகையில்தான். ஆஷில் துவாரங்கள் அதிகம். மாவு பூசி அடைத்து, தேய்த்து, பிறகுதான் பெயிண்ட். ஆள் கூலி கூடியது. 1956ம் ஆண்டு வாக்கில், 'ஸ்ட்ராடோகாஸ்டர்' என்ற புது மாடலில் பெரும்பாலானவற்றுக்கு ஆல்டர் மரத்துக்கு மாறிவிட்டார்கள். பசிபிக் கடலோரத்தில் மளமளவென்று வளரும் மரம். ஒரு காலத்தில் மர வியாபாரிகள் களை என்று ஒதுக்கியது. விலை மலிவு, எடை குறைவு, பெயிண்ட் சட்டென்று பிடிக்கும். ரேகை தெரிய வேண்டிய இளமஞ்சள் கிடாருக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது.

தண்ணீரில் நிற்கும் மரம்

எல்லா ஆஷும் கிடாருக்கு ஆகாது. மேட்டுநில ஆஷ் கல் போலக் கனம். பேஸ்பால் மட்டைக்கு அது சரி. கிடாருக்கு வேண்டியது, மிசிசிபி ஆற்றின் கீழ்ப்பகுதியில் வெள்ளத்தில் கால் நனைத்து நிற்கும் சதுப்பு நில ஆஷ். தண்ணீரில் நிற்பதால் அடிமரம் பஞ்சு போல லேசாக வளரும். அதே மரத்தின் மேல் பகுதியோ கனம்! ஆகவே அடித்துண்டுக்குத்தான் கிராக்கி. பட்டறையில் பலகையைத் தராசில் போட்டுத்தான் பிரிக்கிறார்கள்.

எடை விஷயம் விளையாட்டல்ல. இரண்டு மணி நேரக் கச்சேரி முழுக்கத் தோளில் தொங்க வேண்டிய சாமான் அது. கிப்சன் கம்பெனி 1952 முதல் லெஸ் பால் பெயரில் விற்ற கிடார் மகாகனி உடலும் மேலே மேப்பிள் பலகையும் கொண்டது. 1970களில் வந்தவற்றில் சில 5 கிலோவைத் தாண்டின. லேசான மகாகனி கிடைப்பது குறைந்துபோக, 1982ல் உடலுக்குள்ளே வட்ட வட்டமாகத் துளை போட்டு, மேல்பலகையால் மூடி விற்க ஆரம்பித்தார்கள். வாங்கியவர்கள் பலருக்கு உள்ளே ஓட்டை இருப்பதே தெரியாது.

கழுத்தில்தான் கண்டம்

உடலுக்கு எந்த மரமும் சமாளித்துவிடும். கழுத்துக்கு அப்படி இல்லை. ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ விசையில், இரவு பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும். கழுத்து மயிரிழை வளைந்தாலும் சுருதி போச்சு!

அதனால்தான் கெட்டியான மேப்பிள், மகாகனி. ரேகை நேராக ஓட வேண்டும், கணு கூடாது. சூளையில் உலர்த்தி, ஈரத்தை நூற்றுக்கு 6 முதல் 8 பங்குக்குக் கொண்டுவந்த பிறகுதான் உளி வைப்பார்கள். மேப்பிளின் பலத்தை நம்பி லியோ பெண்டர் 1950ல் இரும்புக் கம்பி வைக்காமலே முதல் கழுத்துகளைச் செய்தார். அவை வளைய ஆரம்பித்தன! அதன் பிறகு ஒவ்வொரு கழுத்துக்குள்ளும் எஃகுக் கம்பி ஏறியது.

ஆனாலும் மரம் நன்றாகக் காய்ந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்ற கவலையே வேண்டாம். லண்டன் அருகே 1963ம் ஆண்டு பிரையன் மே என்ற பையன், அப்பாவோடு சேர்ந்து சொந்தமாகக் கிடார் செய்தான். கழுத்துக்குக் கிடைத்தது ஒரு பழைய கணப்படுப்பின் மகாகனிச் சட்டம். அதிலிருந்த புழு ஓட்டைகளைத் தீக்குச்சி செருகி அடைத்தான். பின்னாளில் 'குயின்' இசைக்குழுவில் உலகம் சுற்றி வாசித்தது அந்த அடுப்புக் கட்டைக் கிடாரைத்தான்.

நம்ம ஊர் ஈட்டி

கழுத்தின் மேல் ஒட்டும் விரல் பலகையில் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் பங்கு உண்டு. மேப்பிள் கழுத்தில் வாசித்து வாசித்துப் பாலிஷ் போய், விரல் பட்ட இடமெல்லாம் அழுக்குத் திட்டு ஏறியது. 1959ல் பெண்டர் கம்பெனி, அழுக்குத் தெரியாத கருஞ்சிவப்பு ரோஸ்வுட் பலகைக்கு மாறியது. முதலில் பிரேசில் மரம். அது அருகிப்போகவே, பிறகு இந்திய ரோஸ்வுட். அதாவது நம்முடைய தோதகத்தி என்கிற ஈட்டி. பிரேசில் ரோஸ்வுட் வியாபாரத்துக்கு 1992ல் சர்வதேசத் தடை வந்தது. தமிழ்நாட்டிலும், பட்டா நிலத்தில் நின்றால்கூட அரசு அனுமதி இல்லாமல் ஈட்டி மரத்தை வெட்டக்கூடாது என்று 1994ல் சட்டம் போடப்பட்டது.

மரத்துக்காக ரெய்டும் நடந்தது. 2009லும் 2011லும் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைக்குள் புகுந்து பலகைகளை அள்ளிச் சென்றார்கள். முதல் ரெய்டு மடகாஸ்கர் கருங்காலிக்காக. இரண்டாவது இந்திய மரத்துக்காக. 2012ல் கம்பெனி 3 லட்சம் டாலர் அபராதம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. மடகாஸ்கர் மரம் போனது போனதுதான். இந்திய மரம் மட்டும் திரும்பி வந்தது.

மறுபடியும் பைன்

இப்போது வண்டுக்கு வருவோம். கிழக்கு ஆசியாவில் பிறந்த இந்த ஆசாமி, சரக்குப் பெட்டிகளின் கட்டையில் ஒளிந்து கப்பலேறி வந்ததாகக் கருதுகிறார்கள். 2002ம் ஆண்டு டெட்ராய்ட் நகருக்கு அருகில்தான் முதலில் அகப்பட்டது. வண்டு இலையைக் கடிப்பதோடு சரி. கொலைகாரன் அதன் புழு. பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று சத்து ஓடும் பாதையை அறுத்துவிடும். சில ஆண்டுகளில் ஓங்கி நின்ற மரம் பட்டுப்போகும்.

போதாததற்கு மிசிசிபியில் வெள்ளம். தண்ணீர் வடிந்தால்தான் சதுப்புக்குள் வண்டி போகும், மரம் வெட்ட முடியும். வெள்ளம் மாதக்கணக்கில் வடியாமல் நின்றால்? ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வண்டு. மரம் வெட்டுகிறவருக்கும் அறுவை மில்லுக்கும் வேலை இல்லை. கம்பெனிக்குச் சரக்கு இல்லை.

2020ம் ஆண்டின் கடைசியில் வந்த பெண்டரின் புது ரகத்தில், வழக்கமாக ஆஷ் இருக்கும் சில மாடல்களுக்கு வேறு மரம் போட்டிருந்தார்கள். காற்றுப் புகாத அடுப்பில் வைத்து, ஈரமும் பிசினும் போக வறுத்தெடுத்த மரம். எடை குறைவு, ரேகையும் அழகு.

என்ன மரம் தெரியுமா? 1949ல் லியோ பெண்டர் முதல் சோதனைக்கு எடுத்தாரே, அதே பைன்!