ஈயம் வைத்த வயரை ஏன் திருகக்கூடாது?

3டி பிரிண்டர் எபிசோடுக்குப் பிறகு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: "வயர் நுனியில் இழையெல்லாம் பிரிஞ்சு நிக்குது. சால்டர் வைத்துக் கெட்டியாக்கிட்டு டெர்மினலில் திருகினால் போதும்தானே?" எபிசோடில் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தையில் கடந்துவிட்டோம். ராத்திரி முழுக்க பிரிண்டரை ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அதனால் காரணத்தை இங்கே முழுசா எழுதுகிறேன்.

டெர்மினலில் திருகுக்கு ஒரே வேலைதான்: செம்பை உலோகத்தோடு அழுத்திப் பிடிப்பது. அந்த அழுத்தம் குறைந்தால் மின்தடை ஏறும். 12 வோல்ட்டில் ஓடுகிற 120 வாட் ஹீட் பெட் 10 ஆம்பியர் இழுக்கும். இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை வந்தால்கூடக் கணக்குப் பாருங்க: 10 × 10 × 0.1, ஆக 10 வாட். பட்டாணி அளவு இடத்துக்குள்ளே 10 வாட் சூடு! சூட்டில் செம்பின் மேற்பரப்பு ஆக்சைடு ஆகும், தடை இன்னும் ஏறும், சூடும் கூடவே ஏறும்.

"பிரேக்கர் இருக்கே" என்பீங்க. பிரேக்கரும் ஃபியூஸும் பார்ப்பது மின்னோட்டம் அளவுக்கு மேல் போகிறதா என்பதை. தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கூடாது, சொல்லப்போனால் கொஞ்சம் குறையும். பிளாஸ்டிக் கருகிக்கொண்டிருந்தாலும் ட்ரிப் ஆகாமலே இருக்கலாம்.

இப்போ சால்டருக்கு வருவோம். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈயம் கலந்த 60/40 சால்டர் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். அவ்வளவு மென்மையான உலோகம், தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் அறை வெப்பத்திலேயே மெல்ல மெல்ல நசுங்கி விலகும். க்ரீப் என்பது இதைத்தான். ஈயம் இல்லாத சால்டரும் இதற்கு விலக்கல்ல. இன்றைக்கு இரும்பு மாதிரி இறுகியிருக்கும் திருகு, பெட் பலமுறை சூடாகி ஆறிய பிறகு தொட்டாலே ஆடும். இன்னொரு சிக்கலும் உண்டு: சால்டர் முடிகிற இடத்தில் வயர் விறைப்பாகிவிடும். பெட் முன்னும் பின்னும் ஓட ஓட, அந்த இடத்தில்தான் இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

அப்போ என்ன செய்யலாம்? ஃபெரூல் போடுங்க. பல இழை வயரின் நுனியில் மாட்டி, க்ரிம்பரால் நெருக்குகிற சின்ன உலோகக் குழாய் அது. நிறத்தை நம்பாதீங்க, நிறக் குறியீடு எல்லா இடத்திலும் ஒன்று இல்லை. பாக்கெட்டில் போட்டிருக்கும் சதுர மில்லிமீட்டரைப் பாருங்க. அமெரிக்கா, கனடாவில் வாங்கிய 16 கேஜ் வயருக்கு 1.5 அளவு பொருந்தும். இழை எதுவும் வெட்டுப்படாமல் உரிக்கணும். எல்லா இழையும் குழாய்க்குள் போகணும். சாதாரணக் குறடால் நசுக்காமல், முழுசாக நெருக்கின பிறகே விடுகிற ராட்செட் க்ரிம்பர் வாங்குங்க. டெர்மினலில் நுழைக்கும்போது பிளாஸ்டிக் உறை திருகுக்கு அடியில் மாட்டக்கூடாது. இறுக்கின பிறகு வயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்க. தயாரிப்பாளர் நியூட்டன் மீட்டரில் அளவு கொடுத்திருந்தால், அந்த அளவுக்கே இறுக்குங்க. கைபலத்தில் ஓவரா முறுக்கினால் திருகின் மரையே போய்விடும். ஒற்றைக் கம்பி வயருக்கு ஃபெரூல் தேவையில்லை, அப்படியே திருகலாம்.

இது பிரிண்டர் விவகாரம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் வீட்டு கன்ஸ்யூமர் யூனிட்டுகளில் பற்றும் தீயைப் பற்றி லண்டன் தீயணைப்புப் படை கவலை எழுப்பியது. தளர்ந்த இணைப்புகள்தான் அதில் முக்கியமாகப் பேசப்பட்ட காரணம். அதன் பின்னணியில்தான், வயரிங் விதியான பிஎஸ் 7671-இல் 2015-இல் வந்த திருத்தம், வீடுகளில் புதிதாகப் பொருத்தும் யூனிட்டின் பெட்டி ஸ்டீல் போன்ற எரியாத பொருளில் இருக்கணும் என்றது. 2016 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. தொழில் தெரிந்தவர்கள் இறுக்கின திருகே தளரும் என்றால், கிட் வாங்கி நாம் இறுக்கினது எம்மாத்திரம்?

ஒரு விஷயம்: சுவருக்குள் ஓடும் வயரிங் வேறு கதை. ஆஸ்திரேலியாவில் லைசென்ஸ் இல்லாமல் அதைத் தொடுவதே குற்றம். இருக்கிற நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்க.

இந்த வாரக் கடைசியில் பிளக்கைப் பிடுங்கிட்டு, பிரிண்டர் போர்டின் பெட் டெர்மினலை டார்ச் அடித்துப் பாருங்க. பழுப்பேறியிருந்தால் திருகை மறுபடி இறுக்கி மூடிவிடாதீங்க. டெர்மினலை மாற்றுங்க, பளபளப்பான செம்பு தெரியும்வரை வயரை வெட்டுங்க, புது ஃபெரூல் போடுங்க. அதுவரை ராத்திரியில் பிரிண்ட் போடாதீங்க.