கடிக்கும் குட்டியைக் கைவிடலாமா?

நாய் நன்றியுள்ள பிராணி என்று தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதாதவர் நம்மில் இருக்க முடியாது. வீட்டைக் காக்கும், வாலை ஆட்டும், வளர்த்தவரை மறக்காது என்றெல்லாம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருப்போம். ஆனால், அதே நாய் குட்டியாக இருக்கும்போது கையைக் கவ்வும், சப்பாத்தைக் கடித்துக் குதறும் என்பதை எந்தக் கட்டுரையிலும் நாம் எழுதியதில்லை.

நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். எங்கள் லயத்தில் பெரும்பாலான வீடுகளில் நாய் உண்டு. விடிந்ததும் பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விடுவார்கள். குட்டி மட்டும் வாசலில் தனியே கிடக்கும். மாலையில் பிள்ளைகளோடு விளையாடும்போது அதன் பல் யார் கையிலாவது கீறிவிட்டால் போதும், 'கடிநாய்' என்ற பெயர் வந்துவிடும். பிறகு ஒரு நாள் கோணிப்பையில் போட்டுச் சாலையோரத்தில் விட்டுவிட்டு வருவார்கள். அப்படி விடப்பட்ட குட்டிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். திருத்தக்கூடிய ஒரு பழக்கத்திற்காக ஓர் உயிரைக் கைவிடுவது சரிதானா? அப்பழக்கத்தைத் திருத்தும் வழிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குட்டி ஏன் கவ்வுகிறது?

நமக்குக் கை எப்படியோ, குட்டிக்கு வாய் அப்படி. ஒரு பொருள் மிருதுவானதா கடினமானதா என்பதை அது கவ்வித்தான் அறிந்துகொள்கிறது. பிறந்து ஏறக்குறைய 3 வாரத்தில் பால்பற்கள் முளைக்கத் தொடங்கும். ஊசிபோல் கூர்மையான அப்பற்கள் மொத்தம் 28. இவை 3 அல்லது 4 மாதத்தில் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்திற்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஈறு வலிப்பதால் குட்டி எதையாவது மென்றுகொண்டே இருக்கும். ஆகவே, இது வெறியும் அல்ல, திமிரும் அல்ல, வளர்ச்சியே.

மெல்லக் கவ்வ வேண்டும் என்ற பாடத்தைக் குட்டி முதலில் தன் உடன்பிறப்புகளிடமே கற்கிறது. ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். 'வலிக்கும்படி கடித்தால் விளையாட ஆள் இல்லை' என்று கடித்த குட்டி உணர்ந்துகொள்ளும். கண் திறந்த சில நாள்களிலேயே குட்டியைத் தூக்கி வந்துவிட்டால் இப்பாடம் பாதியிலேயே நின்றுவிடும். எனவே, குறைந்தது 8 வாரமாவது அது தாயுடன் இருக்க வேண்டும்.

அடித்தால் திருந்துமா?

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள் நம் பெரியோர்கள். நாய்க்குட்டிக்கு இது பொருந்தாது. மூக்கில் அடிப்பது, வாயை இறுக்கிப் பிடிப்பது, மிளகாய்த்தூள் தடவுவது போன்றவற்றால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். மனிதனின் கை அஞ்சத்தக்கது என்பதே அது. அஞ்சும் நாய்தான் வளர்ந்தபின் உண்மையாகவே கடிக்கும். உறுமியதற்காக அடிவாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கக்கூடும். மேலும், 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி விலங்கைக் கொடூரமாக அடிப்பது குற்றமாகும். அதற்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கவ்வுவதைத் திருத்தும் முறை

இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் இதனை இரண்டு கட்டங்களாகப் பிரித்துக் கூறுகிறார். முதலில் கடியின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பிறகுதான் கவ்வும் தடவைகளைக் குறைக்க வேண்டும். மெல்லக் கவ்வப் பழகிய நாய், பின்னாளில் வலியாலோ பயத்தாலோ வாயை வைத்துவிட்டாலும் பெருங்காயம் ஏற்படுத்தாமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம் என்பது அவர் கருத்து.

நடைமுறையில் இதனை எளிதாகச் செய்யலாம். பல் அழுத்தமாகப் பட்டவுடன் விளையாட்டை நிறுத்துங்கள். கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் துரத்திக் கவ்வுவது அதற்கு இன்னொரு விளையாட்டாகிவிடும். சத்தம் போடாமல் எழுந்து திரும்பி நின்றுகொள்ளுங்கள். அரை நிமிடம் கழித்து மீண்டும் விளையாடுங்கள். இம்முறை கைக்குப் பதிலாக முடிச்சுப் போட்ட பழைய துணியைக் கொடுங்கள். அதைக் கவ்வினால் தட்டிக்கொடுத்துப் பாராட்டுங்கள். அதிகக் களைப்பும் குட்டியைக் கண்டபடி கடிக்க வைக்கும். அந்நேரத்தில் அதைத் தூங்க விடுவதே நல்லது.

வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றுவது மிக அவசியம். எங்கள் வீட்டு மணியை நானும் அம்மாவும் இவ்வாறு பழக்கிக்கொண்டிருக்க, தம்பி மட்டும் சட்டைக் கையைக் கொடுத்து இழுக்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனும் நிறுத்திய பிறகுதான் மணி திருந்தியது.

கடித்துக் குதறும் பழக்கம்

தோட்டத்தில் குட்டிகளுக்கு மிகவும் பிடித்தது வேலைக்குப் போட்டுச் செல்லும் ரப்பர் சப்பாத்துதான். மண்ணும் வியர்வையும் கலந்த அந்த வாடை அவற்றை இழுக்கும். பழைய சப்பாத்தை விளையாடக் கொடுத்தால், எது பழையது, எது புதியது என்று குட்டிக்குத் தெரியாது. எங்கள் அப்பா வாசல் சுவரில் ஆணி அடித்துச் சப்பாத்துகளைத் தொங்கவிட்டார். பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. கடிக்கக் கூடாததை எட்டாத உயரத்தில் வைப்பதும், கடிக்கத்தக்கதைக் கொடுப்பதுமே சிறந்த வழி. பெரிய கேரட்டும், குளிரூட்டிய ஈரத்துணியும் ஈறு வலிக்கு இதமளிக்கும். ஆனால், துண்டை விழுங்கிவிடாமல் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். குட்டி எதையாவது கவ்விக்கொண்டு ஓடினால் துரத்தாமல், ஒரு துண்டு உணவைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

சில பொருள்கள் உயிருக்கே ஆபத்தானவை. பூச்சிமருந்துக் கலன், உரச்சாக்கு, காய்கறித் தோட்டங்களில் போடும் நத்தை மருந்து ஆகியவற்றை அது நெருங்கவே கூடாது. சமைத்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம். நமக்குச் சோறு போடும் தேயிலையும் நாய்க்கு ஆகாது. அதிலுள்ள காஃபின் நஞ்சாகும் என்பதால் தேயிலைப் பொட்டலங்களைக் கீழே வைக்காதீர்கள். சாக்லேட்டும் அவ்வாறே.

பற்கள் முழுதாக முளைத்த பிறகும் நாய் பொருள்களைக் கடித்துக் குதறினால், பெரும்பாலும் தனிமையும் சலிப்புமே காரணம். நாள் முழுதும் சங்கிலியில் கட்டிவைக்காமல், காலையும் மாலையும் கயிற்றைப் பிடித்து நடக்க அழைத்துச் செல்ல வேண்டும்.

அண்டை வீட்டாரும் பாதுகாப்பும்

இன்று தோட்டங்களில் வங்காளதேசம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அன்பர்களும் நம்மோடு வாழ்கிறார்கள். நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவுவது இந்நாட்டு முஸ்லிம்களின் வழக்கம். நமக்கு விளையாட்டாகத் தோன்றும் கவ்வல் அவர்களுக்குச் சங்கடமாகும். ஆகவே, குட்டி பிறர்மேல் பாயாமல் பார்த்துக்கொள்வது நம் கடமையாகும்.

விளையாட்டுக் கவ்வலில் குட்டியின் உடல் தளர்ந்திருக்கும். உடல் விறைத்து, பல்லைக் காட்டி, உணவுத் தட்டைக் காத்து உறுமினால் அது விளையாட்டல்ல. கால்நடை மருத்துவரை நாட வேண்டும். சிறு பிள்ளைகளை எந்த நாயுடனும் தனியே விடலாகாது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் பரவியதை நாம் மறக்கக்கூடாது. பல் பட்டுத் தோல் கிழிந்தால், அது நம் வீட்டு நாயாகவே இருந்தாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். நாய்க்கு அந்த ஐந்து வயது என்பது அதன் முதல் ஆறேழு மாதங்கள்தாம். அந்தச் சில மாதங்கள் பொறுமை காக்க முடியும் என்றால் மட்டும் குட்டியை வீட்டிற்குக் கொண்டு வாருங்கள், அன்பர்களே. கொண்டு வந்துவிட்டால், பல் பட்டதற்காக அதைச் சாலையில் விட்டுவிடாதீர்கள்.